அணிலுக்கு மூண்டு கோடு, உனக்கு ஏழோ?

தம்பி, இஞ்சால வா. அந்தக் கையை நீட்டு பாப்பம்.

என்னடா இது? முழங்கையில இருந்து மணிக்கட்டு மட்டும் ஏழு வெள்ளைக் கோடு. அணிலுக்கே மூண்டு கோடுதான். உனக்கு ஏழு போட்டது ஆர்? ஒவ்வொண்டுக்கும் பக்கத்தில பேனையால இலக்கம் வேற. மாட்டுக்குக் குறி வைச்ச மாதிரி.

“டெஸ்ட் பண்ணுறன் அப்பு” எண்டுறாய். திருநாளுக்குக் கூத்துப் போடுறியள். நீ போர்த்துக்கீசக் கப்பித்தான். வெள்ளைக்காரன் எண்டா முகம் வெள்ளையாய் இருக்கவேணுமெல்லே, அந்தக் காலத்துத் தோற்றம் அச்சொட்டாய் வரவேணும் எண்டுறாய்.

அச்சொட்டாய்! வடிவான சொல்லு. சரி, இந்தப் பாயில இரு. பிளேன்ரீயைக் குடி. பனங்கட்டி கிடக்கு, கடிச்சுக்கொள். கதை கொஞ்சம் நீளம்.

முதல்ல ஒண்டு சொல்லுறன். சோதிச்சுப் பாக்கிறது பிழையில்லை. புது வலையைக் கடலுக்குக் கொண்டுபோக முதல் கரையில விரிச்சுப் பாக்கிறேல்லையோ? குழம்பை இறக்க முதல் உள்ளங்கையில ஒரு சொட்டு விட்டு நக்கிறேல்லையோ? முகத்தில பூசப்போற சாமானை முதல்ல கையில பூசிப் பாத்தியே, அந்த மட்டுக்கு நீ கெட்டிக்காரன்தான். என்ர காலத்தில அதுவும் இல்லை. கூத்துப் பழக்கிற அண்ணாவியார் பூசுவார், நாங்கள் கண்ணை மூடுவம், அவ்வளவுதான்.

ஆனா என்னத்தைச் சோதிக்கிறாய்? ஏழில எது கூட வெள்ளை எண்டோ? அதுக்குச் சுவருக்கு அடிக்கிற வாளியை வாங்கியிருக்கலாமே. மிச்சக் காசுக்கு ஒரு கிலோ இறாலும் வந்திருக்கும்.

சரி, உன்ர அச்சொட்டுக்கு வருவம். உன்ர கப்பித்தான் எப்ப மன்னாருக்கு வந்தவன்? போர்த்துக்கீசர் இஞ்ச கோட்டை கட்டினது 1560இல. எங்கட பாலம் தாண்டி வாறவன் எல்லாம் நிண்டு போட்டோ எடுக்கிற அதே கோட்டைதான். 1658இல ஒல்லாந்தன் அதைப் பிடிச்சான். 1795இல இங்கிலீசுக்காரன். இது பள்ளிக்கூடத்தில படிச்சிருப்பாய்.

இப்ப உன்ர போனைக் காட்டு. எந்தப் படத்தைப் பாத்து இந்த வெள்ளையைத் தேடுறாய்? ஓ, இதோ. முகமெல்லாம் சுண்ணாம்பு, கன்னத்தில ரெண்டு சிவப்புப் பொட்டு, தலையில மாப் பூசின பொய்முடி. இது பிரான்சு அரசமனைக்காரன்ர கோலமடா. 1700களுக்கு உரியது. உன்ர கப்பித்தான் செத்து மண்ணாகி நூறு வருசத்துக்குப் பிறகு வந்த அலங்காரம். தாத்தாவுக்குப் பேரன்ர காற்சட்டையைப் போட்டுவிட்டு அச்சொட்டு எண்டுறாய்.

அந்தத் தலை மாவுக்கு ஒரு பகிடி கிடக்கு, கேள். இங்கிலீசுக்காரன் மன்னார்க் கோட்டையைப் பிடிச்ச அதே 1795இல, அங்க அவன்ர நாட்டில தலைக்குப் பூசுற மாவுக்கு வரி போட்டவங்கள். மாப் பூசவேணுமெண்டா வருசத்துக்கு ஒரு கினி கட்டிச் சீட்டு எடுக்கவேணும். பிறகென்ன? மாவை விட்டிட்டுச் சொந்த மயிரைச் சீவத் தொடங்கினவங்கள் கனபேர். காசு போகுதெண்டா நாகரிகமும் சேந்து போகும், கண்டியோ?

இன்னொண்டு கேக்கிறன். போர்த்துக்கீசன் மன்னாரில வெள்ளையாய் இருந்திருப்பானோ?

சிரிக்காத. யோசி. சித்திரை வெயிலில கோட்டைச் சுவரில நிண்டு காவல் பாத்தவன். நெஞ்சில இரும்புச் சட்டை. நிழலுக்கு ஒரு பூவரசும் இல்லை. மூண்டாம் நாள் அவன்ர முகம் என்ன நிறமாய் இருந்திருக்கும்? அவிச்ச நண்டைப் பாத்திருக்கிறியோ? அதே நிறம். மூக்குத்தோல் உரிஞ்சு கிடந்திருக்கும். அச்சொட்டாய் வேணுமெண்டா ஏழு வெள்ளையையும் எறிஞ்சிட்டு ஒரு சிவப்பை வாங்கு.

ஆனா உண்மையாய் வெள்ளை பூசினவையும் இருந்தவைதான். அந்தக் கதையையும் தெரிஞ்சுகொள்.

சீமையில பெரிய இடத்துப் பொம்பிளையள் பூசினது ஈயவெள்ளை. அதை எப்பிடிச் செய்தவை தெரியுமோ? மண்சட்டிக்குள்ள வினாகிரி விட்டு, ஈயத் தகட்டைச் சுருட்டி வைச்சு, சட்டியளைச் சாணத்துக்குள்ள புதைச்சு விடுறது. சாணம் புளிச்சுச் சூடாகும், காத்தும் கிளம்பும். வினாகிரிப் புகை ஈயத்தைத் தின்னும். கிழமைக்கணக்கில விட்டுத் திறந்தா ஈயத்தில வெள்ளையாய்ப் பொருக்கு ஏறியிருக்கும். அதைச் சுரண்டி அரைச்சா வெள்ளை. ஒல்லாந்தன் இந்த வேலையில பேர்போனவன். நல்லகாலம், அவன் மன்னாரில இதைத் தொடங்கேல்லை. கழுதைச் சாணத்துக்கு எங்கட ஊரில என்ன பஞ்சம்? சந்தையில, ரோட்டில, பஸ் நிக்கிற இடத்தில, எங்க பாத்தாலும் கழுதைதானே. ஊரே ஒப்பனைக் கம்பனியாய் மாறியிருக்கும்.

இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எலிசபெத்து 1562இல அம்மை கண்டு பிழைச்சவ. அந்தத் தழும்பை மறைக்கத்தான் ஈயவெள்ளையை அப்பினவ எண்டு சொல்லுவினம். இருநூறு வருசம் கழிச்சு மரியா கன்னிங் எண்டு ஒரு பேரழகி. 1760இல, இருபத்தேழு வயசில போய்ச் சேந்தா. பூசின பூச்சுத்தான் அவவைக் கொண்டது எண்டது அப்ப இருந்தே பேச்சு. ஈயம் தோலைக் கெடுக்கும். தோல் கெட்டா மறைக்கிறதுக்கு இன்னும் கனமாய்ப் பூசவேணும். பூசப் பூச இன்னும் கெடும். கடன் அடைக்கக் கடன் வாங்கினவன்ர கதைதான்.

யப்பானிலயும் இதே கதை. அங்க கபுக்கி எண்டு ஒரு கூத்து. எங்களை மாதிரித்தான், ஆம்பிளையள் பெண்வேசம் கட்டி ஆடுவினம். 1887இல பேரரசர் முன்னுக்கு இருந்து பாத்த ஆட்டத்தில, நக்கமுறா ஃபுக்குசுக்கே எண்ட நடிகருக்குக் கால் நடுங்கத் தொடங்கிட்டுது. பயத்தில எண்டு நினைச்சியோ? இல்லை. வருசக்கணக்காய்ப் பூசின ஈயவெள்ளை உடம்பில ஊறின நடுக்கம். அதுக்குப் பிறகு அங்க ஈயம் இல்லாத வெள்ளையை மும்முரமாய்த் தேடினவை. தேடி எடுத்த பிறகும் பழசை விட மனமில்லை. ஈயம் வடிவாய் ஒட்டுதாம்! 1930களில சட்டம் போட்டுத்தான் நிப்பாட்டினவை.

எங்கட ஆக்கள் மட்டும் திறமோ? மேக்கப் போடுறதுக்குத் தமிழில “அரிதாரம் பூசுறது” எண்டு சொல்லுறமே, அந்த அரிதாரம் என்ன? மஞ்சள் நிறக் கல்லுப்பொடி. உள்ளுக்குள்ள இருக்கிறது ஆர்சனிக்கு, சுத்த நஞ்சு. சிவப்புக்குப் பூசின சாதிலிங்கத்தில பாதரசம். ராசா வேசம் கட்டினவன்ர முகத்தில ஒரு நஞ்சுக்கடையே கிடந்திருக்கு. சொல்லிலயே நஞ்சை வைச்சுக்கொண்டு நாங்கள் கலை எண்டு கும்பிட்டனாங்கள்.

வெள்ளைக்கு நாடகக்காரர் பூசினது முத்துவெள்ளை. பேரைக் கேட்டா அரிப்பிலயும் சிலாவத்துறையிலயும் குளிச்செடுத்த முத்தை அரைச்சது எண்டு நினைப்பாய். ஒரு முத்தும் இல்லை. நாகத்தைச் சுட்டு எடுக்கிற வெள்ளைப்பொடி. மருந்துக்கடையில சிங்க் ஒக்சைட்டு எண்டு கேட்டா அதேதான். குழந்தைப்பிள்ளையளுக்கு அரையில புண் வந்தாப் பூசுற களிம்பிலயும் அதுதான் கிடக்கு. ராசாவுக்கு முகம், பிள்ளைக்குப் பிட்டம்!

சரி, என்ர கதைக்கு வருவம். எனக்குப் பத்தொன்பது வயசு. எங்கட கோயிலடியில கூத்து. அப்ப பொம்பிளையள் மேடை ஏறமாட்டினம். என்ர குரல் கொஞ்சம் மெல்லிசு. அண்ணாவியார் கூப்பிட்டு, “நீதான் ராசாத்தி” எண்டிட்டார். ஆசையாய் வளத்த மீசை. ஒரே இழுப்பில போச்சு.

முத்துவெள்ளையைத் தேங்காயெண்ணெயில குழைச்சு அப்பினவர். கண்ணாடியில பாத்தன். ராசாத்தியோ? கிடங்கில இருந்து எழும்பின பேய்! “அண்ணாவியார், இது கனக்கக் கூடிப்போச்சு” எண்டன். அவர் சொன்னது இண்டைக்கும் காதில கிடக்கு. “நீ ஒரு சாண் தூரத்தில பாக்கிறாய். சனம் அம்பது பாகத்துக்கு அங்கால இருந்து பாக்கும். அதுவும் பெற்றோல்மக்ஸ் வெளிச்சத்தில.”

அதிலதான் முழு விசயமும் கிடக்கு, தம்பி. பந்தம் கொளுத்தி ஆடின காலத்தில முகம் தெரியவேணுமெண்டா கனமாய்ப் பூசத்தான் வேணும். மங்கல் வெளிச்சம் வெள்ளையில பாதியைத் தின்னும். மிச்சப் பாதியைத்தான் சனம் பாக்கும். அவை வரலாற்றுக்காகப் பூசேல்லை. விளக்குக்காகப் பூசினவை.

இப்ப உங்களுக்கு என்ன விளக்கு? எல்ஈடி. மீன்பிடித் துறைமுகத்துக்கே காணும். அதுக்குக் கீழ பழைய கனத்தில பூசினா என்ன தெரியும்? மூக்குத் தெரியாது, கன்னம் தெரியாது, ரெண்டு கண் மட்டும் மிதக்கும். அதுக்கு மேல சனத்தின்ர போன் எல்லாம் மின்னும். இந்த டைட்டேனியம், நாகம் கலந்த பூச்சு மின்னலை அப்பிடியே திருப்பி அடிக்கும். நேரில மனிசன், படத்தில சுண்ணாம்புச் சுவர். அடுத்த நாள் ஊர் பாக்கிறது நேரையோ, படத்தையோ?

அரிப்பில டொரிக் மாளிகை பாத்தனீதானே? ஆளுநர் நோர்த் முத்துக்குளிப்பை மேல்பார்வை பாக்க 1801க்கும் 1804க்கும் இடையில கட்டினது. ஒரு காலத்தில மினுக்கி நிண்டிருக்கும். இண்டைக்குக் கடல் அரிச்சு, பூச்சு உதிந்து, செங்கல் பல்லைக் காட்டுது. உப்புக்காத்து முதல்ல தின்னுறது பூச்சைத்தான். உன்ர முகத்தை மட்டும் விடுமோ? வேர்வைக்கும் கடல்காத்துக்கும் நடுவில ரெண்டு மணித்தியாலம் நிக்கப்போறாய். நெத்தி வடிஞ்சு தாடிக்கு வரும். தாடி வடிஞ்சு சட்டைக்கு வரும்.

அப்ப எப்பிடிச் சோதிக்கிறது எண்டு கேக்கிறாய். இப்பதான் கேள்வி கேள்வியாய் இருக்கு.

தோலுக்கு நல்லதோ எண்டு பாக்க முழங்கையைக் கோடு போட்ட கொப்பியாக்கத் தேவையில்லை. ஒரு பொட்டை எடுத்துக் காதுக்குப் பின்னால வை. ஒரு நாள் விடு. கடிச்சா, சிவந்தா, தடிச்சா அந்த டப்பாவை மூடிவை. கூத்துக்கு முதல்நாள் இதைச் செய்யாத. ஒரு கிழமைக்கு முதல் செய். கலியாணத்தண்டு பொம்பிளை பாக்கப் போறவன் உண்டோ?

வெளிச்சத்துக்குச் சோதிக்கிறதெண்டா குளியலறைக் குமிழுக்குக் கீழ நிக்காத. மேடையில நில். அந்த லைற்றைப் போடச் சொல்லு. உன்ர சிநேகிதனைக் கடைசி வரிசைக்கு அனுப்பு. கச்சான் விக்கிற ஆச்சி இருக்கிற இடத்துக்கு. அங்க இருந்து உன்ர கண்ணும் வாயும் தெரியுதோ எண்டு கேள். பேந்து அவன்ர போனால ஒருக்கா மின்னச் சொல்லு. படத்தில பேய் வந்தா பூச்சைக் குறை.

வேர்வைக்குச் சோதிக்கிறதெண்டா சும்மா நிண்டு கண்ணாடி பாக்காத. பூசிப்போட்டு ரெண்டு தரு முழுசாய்ப் பாடி ஆடு. அப்ப என்ன மிஞ்சுதோ அதுதான் உன்ர முகம்.

இன்னொண்டு. முகத்தை மட்டும் வெள்ளையாக்கிப்போட்டுக் காதையும் கழுத்தையும் கையையும் மறந்திடுவியள். திருக்கைக்கு முதுகு கறுப்பு, வயிறு வெள்ளை. அது கடவுள் குடுத்தது. உனக்கு ஆர் குடுத்தது? கப்பித்தான் கையை நீட்டிக் கட்டளை இட, அந்தக் கை தாழ்வுபாட்டில வலை இழுத்த கையாய்த் தெரிஞ்சா சனம் சிரிக்காதோ? கைக்கு உறை போடு, கழுத்துக்குப் பட்டி கட்டு. பூச்சும் மிச்சம், பகிடியும் மிச்சம்.

கழுவிறதையும் இப்பவே பழகு. சவுக்காரத்தால உரஞ்சாத, தோல்தான் போகும். தேங்காயெண்ணெயைத் தடவி, பழைய துணியால துடை. எண்ணெயில வந்தது எண்ணெயில போகும்.

அந்தக் கடைசி டப்பா என்ன? ஏழாம் இலக்கம். பேரும் இல்லை, செய்த ஊரும் இல்லை, என்ன கலந்தது எண்ட எழுத்தும் இல்லை. “ஏழு நாளில வெள்ளை” எண்டு மட்டும் கிடக்கு. இது கூத்துக்கு வாங்கினதோ? உண்மையைச் சொல்லு.

கீழ பாக்கிறாய். விளங்குது.

தம்பி, உப்பிடிப்பட்ட களிம்பு சிலதில பாதரசம் கலக்கிறாங்கள். அது தோலில ஊறிக் குண்டிக்காயைப் பழுதாக்கும். யப்பானில மினமாட்டா எண்ட மீன்பிடி ஊர், பாதரசம் கலந்த மீனைத் திண்டு நோயில விழுந்தது. எங்களைப் போல கடலை நம்பின சனம். அந்த ஊரின்ர பேராலதான் 2013இல உலக நாடுகள் ஒரு உடன்படிக்கை எழுதினவை. பூச்சில பத்து லட்சத்தில ஒரு பங்குக்கு மேல பாதரசம் இருந்தா அதைச் செய்யவோ நாடு விட்டு நாடு ஏத்தி இறக்கவோ கூடாது எண்டு அப்ப அதில எழுதினவை. பேரில்லாத டப்பாவுக்கு உடன்படிக்கை தெரியுமோ?

எலிசபெத்து ராணியைப் பாத்துச் சிரிச்சாய். சாணத்துக்குள்ள வெந்த வெள்ளை எண்டு மூக்கைப் பொத்தினாய். நீ வாங்கினது மட்டும் மல்லிகைப்பூவுக்குள்ள வெந்ததோ?

இந்தக் கடலில முத்துக் குளிச்சவன் எல்லாரும் கறுப்பன். முத்தை மாட்டினவள்தான் வெள்ளை. மூச்சடக்கி அடிக்குப் போனது எந்த நிறம், கரையில இருந்து விலை பேசினது எந்த நிறம் எண்டு யோசிச்சுப்பார். உன்ர கொப்பாட்டன்ர தோல் அது. ஏழு நாளில கழுவிறதுக்கு அது அழுக்கோ?

கூத்துக்கு வெள்ளை பூசு, நான் மறிக்கேல்லை. வேசம் வேசம்தான். எங்கட ஆக்கள் எண்டிறீக்கு எம்பரதோர் ஆடினவை. எம்பரதோர் எண்டாப் போர்த்துக்கீசன்ர வாயில பேரரசன். அந்தப் பேரரசனாய் நிண்டவன் அண்டு காலமை நெத்தலிக் கருவாடு காயப்போட்டவன். சனம் நம்பேல்லையோ? மூவிராசாக்கள் ஆடினவை. அதில ஒரு ராசாவைக் கறுப்பராய் வெள்ளைக்காரனே படம் கீறி வைச்சிருக்கிறான். பூச்சுச் செலவு மிச்சம் எண்டு அந்த வேசத்துக்கு அடிபடாமல், எல்லாரும் மற்ற ரெண்டுக்கும் அடிபடுவியள்.

அந்தக் காலத்தில நாடகமெண்டா ஒரு இரவில முடியாது. ரெண்டு, மூண்டு இரவு போகும். ஒரு இரவில முடிக்க வாசாப்பு எண்டு சுருக்கி ஆடுவினம். அந்த நீளத்துக்கு எந்தப் பூச்சு நிண்டது? நடுச்சாமத்தில எனக்கு முத்துவெள்ளை வடிஞ்சு, கறுப்பும் வெள்ளையுமாய் வரியோடிப் போச்சு. மீசை மழிச்ச இடம் பச்சையாய்த் தெரிஞ்சிருக்கும். ஆனா ராசாத்தி பிள்ளையைப் பிரியிற கட்டம். நான் குரலை எடுத்தன். முன்னால மணலில இருந்த பொம்பிளையள் முந்தானையால கண்ணைத் துடைச்சவை. அவை பாத்தது முகத்தையோ? அந்த வரிக்குதிரையையோ? நீ சொல்லு.

நீ பாட்டைப் பாடம் பண்ணிட்டியோ? வரவு ஆட்டம் சரிவந்திட்டுதோ? என்ன முழிக்கிறாய்? ஏழு வெள்ளையைச் சோதிச்சவன் ஒரு தருவைச் சோதிக்கேல்லையோ? போ, போய் மத்தளக்காரனைக் கண்டுபிடி.

நில், நில். இன்னும் ஒண்டு.

காதுக்குப் பின்னால வைச்சுப் பாக்கச் சொன்னனெல்லோ? அந்த இடத்தை மறக்காமல் கழுவு. கூத்து முடிஞ்சு விடிய நான் அவதியில முகத்தைக் கழுவிப்போட்டுக் கடலுக்குப் போனன். காதுக்குப் பின்னால வெள்ளை அப்பிடியே கிடந்திருக்கு. வள்ளத்தில இருந்தவன் ஒருத்தன் கண்டிட்டு, “ராசாத்தி, அந்தக் கயிறை இழு” எண்டான்.

அறுபது வருசமாச்சு. பூச்சு அண்டைக்கே போச்சு. சந்தைக்குப் போனா இண்டைக்கும் மீன்காரன் கேக்கிறான்: “ராசாத்தி அப்பு, சூடை வேணுமோ, பாரை வேணுமோ?”